பருப்பு ஏன் வேகல, நுரைய ஏன் எடுக்கறோம், மொச்சைத் தண்ணிய ஏன் கொட்டறோம்: மார்கழி தை சமையலுக்கு ஒரு விளக்கம்

மார்கழி பொறந்தா காய்கறிச் சந்தையோட முகமே மாறிடும். பச்சை மொச்சை மூட்டை மூட்டையா வந்து இறங்கும், பந்தல் அவரை, முள்ளங்கி, சேனை, தெக்கத்தி பக்கம்னா சிறுகிழங்கு, பொங்கல் நெருங்க நெருங்க பனங்கிழங்கு, பச்சைத் துவரை, கூடவே ஊட்டி கேரட், பட்டாணின்னு எல்லாம் ஒண்ணு பின்னாடி ஒண்ணா வரும். அதே சமயத்துல போன்லயும் வீடியோ வரிசை கட்டி வரும். பருப்பு நுரைதான் யூரிக் ஆசிட்னு ஒண்ணு, குக்கர்ல வெச்சா சத்தெல்லாம் செத்துடும்னு ஒண்ணு, ஊற வெச்ச தண்ணியிலதான் சத்தே இருக்கு கொட்டாதீங்கன்னு ஒண்ணு, கொட்டலைன்னா விஷம்னு இன்னொண்ணு. இதுல எது உண்மை, எது பாதி உண்மை, எது சுத்தப் பொய்னு தெரியணும்னா ஒரு பயறு மணிக்குள்ள என்ன இருக்கு, அது வேகும்போது என்ன ஆகுதுன்னு தெரிஞ்சா போதும், மிச்சத்தை நம்மளே முடிவு பண்ணிக்கலாம்.

இந்த ரெண்டு மாசத்துல மட்டும் ஏன் இவ்வளவு மொச்சை

முதல்ல ஒண்ணு தெளிவு பண்ணிக்கலாம், மொச்சையும் அவரையும் வேற வேற செடி இல்ல. ரெண்டுமே லாப்லாப் பர்பூரியஸ்ங்கற ஒரே இனம்தான். காயோட தோலையும் சேர்த்து சாப்பிடற மாதிரி சதைப்பத்தா இருக்கறத அவரைன்னும், தோல் நாரா இருந்து உள்ள இருக்கற கொட்டைக்காகவே வளர்க்கறத மொச்சைன்னும் சொல்றோம்.

பழைய நாட்டு ரகங்கள் பகல் நீளத்தைப் பாத்து பூக்கற ரகம். ஆடிப்பட்டத்துல விதைச்சா செடி பாட்டுக்கு கொடியும் இலையுமா படர்ந்துகிட்டே இருக்கும், பூவே வராது. ஐப்பசி கார்த்திகையில பகல் சுருங்கி ராத்திரி நீளும்போது அதை செடி உணர்ந்துக்கும், அப்பதான் பூ எடுக்கும், மார்கழி தையில காய் தொங்கும். ரொம்ப நாள் வயல்ல நிக்கற நாட்டுத் துவரையும் இதே கணக்குதான். இப்ப வருஷம் பூரா கிடைக்கற செடி அவரை, பகல் நீளத்தைப் பாக்காம காய்க்கற மாதிரி ஆராய்ச்சி நிலையங்கள்ல உருவாக்கின ரகங்கள்ல இருந்து வருது. நல்ல விஷயம்தான், ஆனா தை மாசத்து பந்தல் அவரையோட மணம் அதுல இல்லன்னு சாப்பிட்டவங்களுக்குத் தெரியும்.

பெங்களூர்ல இந்த சீசனுக்குன்னே விவி புரம் பக்கம் அவரேகாய் மேளா நடத்தறாங்க. கொட்டைய ஊற வெச்சு தோலைப் பிதுக்கி எடுத்து அவங்க பண்றதும், நம்ம வேலூர், ஆம்பூர், கிருஷ்ணகிரி பக்கம் பண்ற பிதுக்குப் பருப்புக் குழம்பும் ஒரே கைப்பழக்கம். இதுல ஒரு கணக்கு இருக்கு, அத கீழ சொல்றேன்.

காஞ்ச பயறு வேகறதுன்னா என்ன

பருப்பு, பயறு எதை எடுத்தாலும் 100 கிராம்ல ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கும், கொஞ்சம் கூடக் குறைய. மிச்சத்துல பெரும்பங்கு மாவுச்சத்து, அப்புறம் நார்ச்சத்து. இதெல்லாம் குட்டி குட்டி செல்லுக்குள்ள அடைச்சு வெச்சிருக்கு. ஒரு செல்லையும் பக்கத்து செல்லையும் ஒட்டி வெச்சிருக்கற பசைக்குப் பேரு பெக்டின், ஜாம் கெட்டியாகறதுக்குக் காரணமான அதே பொருள்தான்.

பயறு வேகுதுன்னா ரெண்டு வேலை நடக்குது. மாவுச்சத்து தண்ணியக் குடிச்சு ஊதுது, அது ஒண்ணு. பெக்டின் பசை கரைஞ்சு செல்கள் ஒண்ணை விட்டு ஒண்ணு கழண்டு வருது, அது ரெண்டு. விரல்ல நசுக்கினா மசியுதே, அது இந்த ரெண்டாவது வேலை முடிஞ்சதுக்கு அடையாளம். அப்ப பருப்பு வேகலைன்னா பெரும்பாலும் பசை கரையலைன்னு அர்த்தம்.

பசை கரையாம தடுக்கறது எது

1. புளிப்பு. புளி, தக்காளி, மாங்காய் எதுவா இருந்தாலும் புளிப்புத் தண்ணியில பெக்டின் லேசுல கரையாது. பாதி வெந்த மொச்சைல புளித்தண்ணிய ஊத்திட்டு அதுக்கப்புறம் ஒரு மணி நேரம் கொதிக்க வெச்சாலும் அது அப்படியே கட்டையா நிக்கறதுக்கு இதான் காரணம். பருப்பை வேக வெச்சு தனியா எடுத்து வெச்சுட்டு புளித்தண்ணில காயைக் கொதிக்க விட்டு கடைசில பருப்பைக் கலக்கற நம்ம சாம்பார் முறை இந்த ஒரே காரணத்தால சரியா வருது. சோம்பேறித்தனத்துல எல்லாத்தையும் ஒண்ணா குக்கர்ல போடற ஒன் பாட் முறை துவரம்பருப்புக்கு ஓரளவு தாங்கும், கொண்டைக்கடலைக்கும் காஞ்ச மொச்சைக்கும் தாங்காது.

2. உப்புத் தண்ணி, அதாவது கடின நீர் (சமையல் உப்பு போட்ட தண்ணி இல்ல). போர் தண்ணில கால்சியமும் மெக்னீசியமும் நிறைய இருக்கும். அது ரெண்டும் பெக்டினைப் போய்ப் பிடிச்சு இன்னும் இறுக்கிடும். அதே கடை, அதே பருப்பு, சொந்த ஊருக்குப் போனா பஞ்சு மாதிரி வேகுது, நகரத்துல அடுக்குமாடி வீட்டுல வேக மாட்டேங்குதுன்னா பருப்பைத் திட்டாதீங்க, தண்ணிய மாத்திப் பாருங்க. ஊற வைக்கவும் வேக வைக்கவும் மட்டும் குடிக்கற தண்ணிய எடுத்தாலே வித்தியாசம் தெரியும்.

3. வயசு. பயறுக்கும் வயசு உண்டு. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்துல மாசக்கணக்குல கிடந்த பயறுக்குள்ளயே ஒரு மாற்றம் நடக்கும், உள்ள வேற பொருளோட கட்டுண்டு கிடந்த கால்சியம் விடுபட்டு பெக்டினோட போய் சேர்ந்துக்கும். இப்படி ஆன பயறை எவ்வளவு ஊற வெச்சாலும் முழுசா மசியாது. மழைக்காலத்துல மூட்டையா வாங்கி மூலையில வெக்கறத விட, ரெண்டு மாசத்துக்கு ஆகற அளவு வாங்கி வெயில்ல ஒரு தடவை காயப்போட்டு காத்துப் புகாத டப்பால வெக்கறது மேல்.

4. உயரம். ஊட்டி கடல் மட்டத்துல இருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம், அங்க தண்ணி 100 டிகிரில கொதிக்காது, 93க்குப் பக்கத்துலயே கொதிச்சுடும். அதுக்கு மேல சூடே ஏறாது, எவ்வளவு விறகு வெச்சாலும். மலை ஊர்ல திறந்த பாத்திரத்துல கொண்டைக்கடலை வேக வெக்கறது அதனாலதான் அவ்வளவு பாடு. மூடின குக்கருக்குள்ள அழுத்தத்தால 120 டிகிரி வரைக்கும் போகும்.

இந்த இடத்துல உப்பைப் பத்தி ஒரு வார்த்தை. உப்பு முதல்லயே போட்டா பயறு வேகாதுன்னு ஒரு நம்பிக்கை ரொம்ப ஆழமா இருக்கு, அது சரியில்ல. ஊற வெக்கற தண்ணில கொஞ்சம் கல் உப்பு போட்டா சோடியம் போய் கால்சியம் இருந்த இடத்தைக் கொஞ்சம் பிடிச்சுக்கும், தோல் சீக்கிரம் இளகும், தோல் வெடிச்சு உதிர்றதும் குறையும். சோடா உப்பு இத விட வேகமா வேலை செய்யும், ஒரு சிட்டிகை போட்டாலே கடலை குழைஞ்சிடும், ஆனா காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்ல, புளிப்புக்கு எதிரான தன்மை) ஏறினா பி1 விட்டமின் அழியும், ருசியும் சோப்பு மாதிரி ஆயிடும், அதனால தினசரி சமையலுக்கு அது வேண்டாம்.

விசில் கணக்கும் ஒரு குழப்பம். விசில் நேரத்தைக் காட்டற கடிகாரம் கிடையாது. அடுப்பைப் பெருசா வெச்சா 5 நிமிஷத்துல அஞ்சு விசில் வரும், சிறுசா வெச்சா கால் மணி நேரத்துல ஒண்ணுதான் வரும், உள்ள சூடு என்னவோ கிட்டத்தட்ட ஒண்ணுதான். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைச்சு நிமிஷத்தை எண்ணறதுதான் சரியான வழி, கேஸும் மிச்சம்.

ஊற வெச்ச தண்ணிய கொட்டணுமா வேண்டாமா

இது பயறைப் பொறுத்தது, எல்லாத்துக்கும் ஒரே பதில் சொல்றவங்கதான் குழப்பறாங்க.

பயறுல ராஃபினோஸ், ஸ்டேக்கியோஸ்னு சில சர்க்கரைகள் இருக்கு. அதை உடைக்கற என்சைம் மனுஷ உடம்புல கிடையாது, அதனால அது செரிக்காம நேரா பெருங்குடலுக்குப் போகும், அங்க இருக்கற பாக்டீரியாவுக்கு அது விருந்து, அதுங்க சாப்பிட்டு வெளிய விடறதுதான் வாயு. இந்த சர்க்கரை தண்ணில கரையும், அதனால 8 மணி நேரம் ஊற வெச்சு அந்தத் தண்ணிய கொட்டினா ஒரு பங்கு வெளிய போயிடும். முளை கட்டினா முளை வர்றதுக்கு அந்த சர்க்கரையையே பயறு எடுத்துக்கும், இன்னும் குறையும். கூடவே பி விட்டமின் கொஞ்சம் போகும், உண்மைதான், ஆனா வயித்துக்கு ஒத்துக்காம பயறையே ஒதுக்கி வெக்கறதை விட அது சின்ன நஷ்டம். பாசிப்பருப்பு, துவரம்பருப்பு மாதிரி தோல் நீக்கி உடைச்சதுல இந்தத் தொல்லை குறைவு, நல்லா கழுவிட்டு அரைமணி ஊற வெச்சு அதே தண்ணில வேக வெச்சாலும் ஒண்ணும் ஆகாது.

காஞ்ச மொச்சை கதை வேற. அதுல, முக்கியமா அடர் நிறக் கொட்டைல, சயனைடை வெளிவிடக்கூடிய ஒரு வகைப் பொருள் இருக்கு. பயப்படத் தேவையில்ல, மரவள்ளிலயும் இதே சாதிப் பொருள்தான் இருக்கு, நம்ம காலங்காலமா சாப்பிட்டுட்டுதான் இருக்கோம். ஊறும்போதும் வேகும்போதும் அது உடைஞ்சு, பாதி தண்ணில கரையும், பாதி ஆவியாப் போகும். அதனாலதான் காஞ்ச மொச்சைய ராத்திரி பூரா ஊற வெச்சு, தண்ணிய இறுத்துட்டு, புதுத் தண்ணில மூடாம ஒரு கொதி விட்டு அதையும் கொட்டிட்டு, அப்புறம் வேக வெக்கணும்னு பெரியவங்க சொல்லுவாங்க. கசப்புப் போகும்னு மட்டும்தான் அவங்க சொல்லுவாங்க, ஆனா அந்தக் கசப்போட சேர்ந்து போறது இதுவும்தான். பிதுக்குப் பருப்புல தோலையே எடுத்துடறோம், துவர்ப்பும் கெட்டி நாரும் அதோட போயிடுது, அதான் மேல சொன்ன கணக்கு, குழந்தைங்களுக்கும் வயசானவங்களுக்கும் அது லேசா செரிக்கும்.

ராஜ்மா பத்தி வர்ற எச்சரிக்கை நிஜம். சிவப்பு ராஜ்மால லெக்டின் வகைல ஒரு புரதம் ரொம்ப அதிகம், பச்சையா நாலஞ்சு கொட்டை சாப்பிட்டாலே ஒரு ஆளுக்கு சில மணி நேரத்துல வாந்தி பேதி வரலாம். நல்லா கொதிக்க வெச்சா அது முழுசா செத்துடும், குறைஞ்சது 5 மணி நேரம் ஊற வெச்சு தண்ணிய மாத்தி 30 நிமிஷம் கொதிக்கணும், குக்கர்னா கவலையே இல்ல. ஆபத்து எங்கன்னா இப்ப புதுசா வாங்கற ஸ்லோ குக்கர்ல. அது கொதிநிலைக்குப் போகாம 80 டிகிரி பக்கத்துலயே மணிக்கணக்கா வெச்சிருந்தா கொட்டை பாக்க வெந்த மாதிரி இருக்கும், உள்ள நஞ்சு குறையாது, பச்சையா சாப்பிடறத விட மோசமாவும் ஆகலாம். ராஜ்மாவ நேரா ஸ்லோ குக்கர்ல போடவே கூடாது.

நுரைக்கும் யூரிக் ஆசிடுக்கும் என்ன சம்பந்தம்

சம்பந்தமே இல்ல. பருப்பு கொதிக்கும்போது பொங்கி வர்ற நுரை சாப்போனின்ங்கற பொருளும், தண்ணில கரைஞ்ச புரதமும், கொஞ்சம் மாவும் சேர்ந்தது. சீயக்காய் நுரைக்கறதும் இதே சாப்போனினாலதான். யூரிக் ஆசிட் பருப்புல ரெடியா உக்காந்துட்டு இருக்கறதில்ல, நம்ம சாப்பிடற பொருள்ல இருக்கற பியூரின் நம்ம உடம்புக்குள்ள உடையும்போது உண்டாகறது. அந்த பியூரினும் நுரையில மட்டும் போய் ஒதுங்காது. 2004ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல 47,000க்கும் மேல ஆம்பளைங்களை 12 வருஷம் கவனிச்ச ஒரு ஆய்வு வந்துச்சு, கறியும் கடல் உணவும் கவுட், அதாவது யூரிக் ஆசிட் கூடி மூட்டு வீங்கி வலிக்கற நோய், வர்ற வாய்ப்பை ஏத்துது, பியூரின் அதிகமா உள்ள காய்கறி ஏத்தலன்னு அதுல தெரிஞ்சுது. ஏற்கனவே கவுட்டோ சிறுநீரகக் கோளாறோ இருக்கறவங்க எவ்வளவு பருப்பு சாப்பிடலாம்னு அவங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும், நுரைய எடுத்துட்டேன்னு தைரியமா இருந்துடக் கூடாது.

அப்ப நுரைய ஏன் எடுக்கறோம்? கசப்பு கொஞ்சம் குறையும், குழம்பு தெளிவா இருக்கும், அவ்வளவுதான். நிஜமான காரணம் ஒண்ணு இருக்கு, அதைத்தான் யாரும் வீடியோ போட மாட்டேங்கறாங்க: நுரையும் தோலும் குக்கரோட ஆவி போற துளையை அடைச்சுடலாம். பருப்பு வெக்கும்போது தண்ணியோட சேர்த்து குக்கர்ல பாதிக்கு மேல நிரப்பாதீங்க, ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்க, நுரை அடங்கும்.

குக்கர்ல சத்து செத்துடும்ங்கறதுக்கும் பதில் இருக்கு. ஐதராபாத்ல இருக்கற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஐசிஎம்ஆரோட (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சேர்ந்து 2024 மே மாசம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்ல பருப்புக்கு வேக வெக்கறதும் குக்கர்ல வெக்கறதும்தான் நல்ல முறைன்னே சொல்லியிருக்கு. தேவைக்கு மேல வேக வெச்சு கூழாக்கறதும் தண்ணிய நிறைய வெச்சு கொட்டறதும்தான் நஷ்டம்.

காய் பக்கம் வருவோம்

நாட்டுக்காய், இங்கிலீஷ் காய்னு நம்ம பிரிக்கறோமே, அது வரலாறு. உருளை, கோஸ் மாதிரி காயெல்லாம் 1820கள்ல, கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த ஜான் சல்லிவன் காலத்துல நீலகிரில பயிராக ஆரம்பிச்சுது. திருவாதிரைக் களியோட வர்ற ஏழுகறிக் கூட்டுலயும் பொங்கல் குழம்புலயும் பூசணி, அவரை, மொச்சை, கத்தரி, வாழை, கிழங்குன்னு நாட்டுக்காயே இருக்கறது அதனாலதான், அந்தக் குழம்பு கேரட்டுக்கு முந்தினது.

குளிர்ல வளர்ற கேரட்டும் கோஸும் இனிக்கறது கற்பனை இல்ல. உறைபனி நெருங்கும்போது செடி தன் மாவுச்சத்துல ஒரு பங்கை சர்க்கரையா மாத்தி வெச்சுக்கும், சர்க்கரை கரைஞ்ச தண்ணி லேசுல உறையாதுங்கறதால. பச்சைப் பட்டாணில இதுக்கு நேர் எதிர், பறிச்ச நிமிஷத்துல இருந்து அதோட சர்க்கரை மாவா மாறிட்டே இருக்கும், அதனால பட்டாணிய வாங்கின அன்னைக்கே உரிச்சு சமைச்சுடணும். உரிச்ச பட்டாணின்னு பாக்கெட்ல பளபளன்னு பச்சையா இருந்தா அது காஞ்ச பட்டாணிய ஊற வெச்சு சாயம் ஏத்தினதாவும் இருக்கலாம், தண்ணில போட்டு அரைமணி நேரம் விட்டா சாயம் இறங்கிக் காட்டிக் குடுத்துடும்.

அவரை, பீன்ஸ் பச்சை நிறம் மங்கறதுக்கும் புளிப்புதான் காரணம், பச்சையத்துக்கு நடுவுல இருக்கற மெக்னீசியத்தை புளிப்பு வெளிய தள்ளிடும். மூடி போட்டு வேக வெச்சா காய்ல இருந்து வர்ற புளிப்பே ஆவியாகாம உள்ள சுத்தும், அதுக்கே நிறம் போயிடும். கோஸை ரொம்ப நேரம் வேக வெச்சா கந்தக வாடை வந்துடும், அஞ்சாறு நிமிஷத்துல இறக்கிடணும். கிழங்கு மட்டும் நிதானமா வேகட்டும்.

சோறும் பருப்பும், கூட ஒரு நெல்லிக்காயும்

அரிசில லைசின்ங்கற அமினோ அமிலம் குறைவு, பருப்புல அது நிறைய. பருப்புல மெத்தியோனின் குறைவு, அரிசில அது பரவாயில்ல. வெண்பொங்கல்ல ரெண்டையும் ஒண்ணா போட்டதால ஒண்ணோட குறைய இன்னொண்ணு நிரப்புது. ஒரே தட்டுல இருக்கணும்னு கூட இல்ல, அன்னைக்குள்ள ரெண்டும் உள்ள போனா சரி.

இரும்புச்சத்துதான் கொஞ்சம் சிக்கல். பயறுல இரும்பு இருக்கு, ஆனா ஃபைட்டிக் ஆசிட்னு ஒண்ணு அதைக் கெட்டியா பிடிச்சு வெச்சிருக்கு, உடம்பால கொஞ்சம்தான் உறிஞ்ச முடியும். ஊறப்போடறதும் முளை கட்டறதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். விட்டமின் சி கூட இருந்தா உறிஞ்சறது நல்லாவே ஏறும், ஆனா அது சூட்டுல அழியற சத்து, அதனால எலுமிச்சைய அடுப்பை அணைச்சப்புறம் பிழியணும். இந்த சீசன்லயே நெல்லிக்காயும் வருது, பச்சையா துருவி தயிர்ல போட்டு பச்சடியாவோ, பச்சை மிளகாயோட அரைச்ச துவையலாவோ பக்கத்துல வெச்சா போதும். சாப்பிட்ட கையோட காபி டீ குடிச்சா மட்டும் இந்த லாபம் போயிடும், ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிங்க. ரத்தசோகை இருக்கற பொண்ணுங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

இதெல்லாம் சேர்ந்து ஒரு குழம்புல

மொச்சை, கத்தரி, சர்க்கரைவள்ளி போட்ட குழம்பு, நாலு பேருக்கு:

1. காஞ்ச மொச்சை 1 கப், ராத்திரியே அரை ஸ்பூன் கல் உப்பு போட்ட நல்ல தண்ணில ஊறணும். காலைல தண்ணிய கொட்டிட்டு, புதுத் தண்ணில மூடாம 10 நிமிஷம் கொதிக்க விட்டு அதையும் இறுத்துடுங்க. பச்சை மொச்சைன்னா இந்த வேலையெல்லாம் வேண்டாம், உரிச்சு கழுவி நேரா வேக வெச்சா சரி.

2. மறுபடி தண்ணி ஊத்தி குக்கர்ல முதல் விசிலுக்கு அப்புறம் சின்னத் தீயில 12ல இருந்து 15 நிமிஷம். ஆவி தானா அடங்கட்டும். ஒரு கொட்டையை விரல்ல நசுக்கிப் பாருங்க, நடுவுல வெள்ளையா கெட்டியா எதுவும் இருக்கக் கூடாது. இருந்தா இன்னும் அஞ்சு நிமிஷம், இந்த இடத்துல அவசரப்பட்டா அப்புறம் சரி பண்ணவே முடியாது.

3. நல்லெண்ணெய்ல கடுகு, வெந்தயம், கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு தாளிச்சு, கத்தரிக்காயும் சர்க்கரைவள்ளித் துண்டும் போட்டு வதக்கி, மஞ்சள் தூள், குழம்புத் தூள், உப்போட முக்கால் பதம் வேக விடுங்க.

4. மொச்சைய வெந்த தண்ணியோட சேர்த்து ஒரு கொதி வந்ததும், அதுக்கப்புறம்தான் சின்ன எலுமிச்சை அளவு புளியைக் கரைச்சு ஊத்தறது.

5. பச்சை வாசனை போனதும் ரெண்டு ஸ்பூன் தேங்காய் அரைச்சு விட்டு இறக்குங்க. சூடா சாப்பிடறதை விட மூணு மணி நேரம் கழிச்சு சாப்பிடறப்ப மொச்சைக்குள்ள புளியும் உப்பும் இறங்கியிருக்கும், மறுநாள் காலைல பழையதுக்கு இன்னும் நல்லா இருக்கும்.